தொண்ணூற்றொன்பதாம் வீதியில் அண்ணை

1

நான்காவது ஞாயிற்றுக்கிழமையும் அண்ணையின் தொலைபேசி அழைப்பு வரவில்லை. முதல் ஞாயிறு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது ஞாயிறு, மனிசனுக்கு வேலை கூடிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு நானே அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். இந்த இலக்கத்துடன் இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் எல்லாரும் நினைத்தவுடன் விமானம் ஏறி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊரில் இருக்கிறவர்கள் நினைப்பதுண்டு. நான் ஜேர்மனியில் ஹம் நகரில் இருக்கிறேன். அண்ணை அமெரிக்காவில், கலிபோர்னியாவில். கடைசியாக அவரைக் கண்டது கொழும்பில் ஒரு லொட்ஜ் வாசலில். அப்போது எனக்கு இருபது வயது, அவருக்கு இருபத்திரண்டு. ஆள் அனுப்புகிற ஏஜென்ரின் வாகனம் அவரை ஏற்ற வந்து அவசரப்படுத்தியது. வடிவாக விடைபெறக்கூட இல்லை. இப்போது எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது. அவருக்கு என்ன விழுந்தது என்று தெரியாது, படம் அனுப்பச் சொன்னால் “லொறிக்காரனுக்கு என்னடா படம்” என்று விடுவார்.

இருந்தாலும் முப்பது வருடத்துக்கு மேலாக எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. இங்கே பின்னேரம் நாலு மணி என்றால் அவருக்குக் காலை ஏழு. அந்த நேரத்தில் நான் கலியாண வீட்டில் இருந்தாலும் பந்தியிலிருந்து எழும்பிப் போய்விடுவேன். “உங்கட அண்ணை லொறியில ஏறிட்டார், இனி நீங்களும் ஏறிடுவீங்கள்” என்று என் மனைவி சாந்தி சொல்லுவாள். பகிடியாகத்தான் சொல்லுவாள், ஆனால் உண்மை அதுதான். அண்ணை சுகம் விசாரிக்கிற ஆள் இல்லை. எடுத்த எடுப்பில், “இப்ப எங்க நிக்கிறன் எண்டு சொல்லு பாப்பம்” என்பார். “வலப்பக்கம் முந்திரிகைப்பழம் காயவைச்சிருக்கிறாங்கள், தெரு முழுக்க வாசம்” என்றால் அது செல்மா என்ற ஊர். “நெத்திக்கு முன்னால ஒண்டும் தெரியேல்லை, ஒரே பனிப்புகார்” என்றால் மார்கழி மாதத்துத் துலேரி. தக்காளி லொறிகள் வளைவில் திரும்பும்போது தெருவில் கொட்டுண்டு கிடக்கிற பழங்களைப் பற்றி ஒரு முறை அரைமணித்தியாலம் கதைத்தார். அவர் ஓடியது ஒரே வீதியில்தான். யூ.எஸ். தொண்ணூற்றொன்பது. அந்த வீதியின் ஊர்களை வடக்கிலிருந்து தெற்காக எனக்கு மனப்பாடமாகச் சொல்லத் தெரியும்.

“நான் ஒருக்கா வரட்டோ அண்ணை?” என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஜேர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்த கிழமையே கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். “இப்ப வராதை. வீதி திருத்திறாங்கள். அடுத்த வருசம் வா.” முப்பது வருடமாகத் திருத்துகிற வீதி உலகத்தில் எங்கே இருக்கிறது? அவருக்கு என்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் முள்ளாகவே கிடந்தது. அதை அவரிடமும் கேட்கவில்லை, சாந்தியிடமும் சொல்லவில்லை.

2

காணாமல் போன உறவினரைத் தேட உதவுகிற அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று வேலையிடத்தில் சொன்னார்கள். ஜேர்மனியில் ஆள் செத்தாலும் பிறந்தாலும் தொலைந்தாலும் முதலில் ரெர்மின் எடுக்க வேண்டும், அதாவது எந்த நாள் எத்தனை மணிக்கு வரலாம் என்று அவர்கள் தர வேண்டும். எனக்கு வியாழக்கிழமை ஒன்பதரைக்குத் தந்தார்கள். வேலை செய்கிற லாகரில், அதாவது சாமான் கிடங்கில், லீவு போட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே இருந்த அம்மணி நல்ல மனுசி. நான் பதற்றத்தில், என் அண்ணனை இழந்துவிட்டேன் என்கிற மாதிரி ஜேர்மனில் சொல்லிப்போட்டேன். அவர் எழும்பி நின்று அனுதாபம் தெரிவித்தார். இல்லை இல்லை, உயிரோடுதான் இருக்கிறார், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று நான் விளங்கப்படுத்துவதற்குள் வேர்த்துவிட்டது. பிறகு அவர் விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

“குடும்பப் பெயர்?”

“தெரியாது.”

“முதற்பெயர்?”

“அப்பா அம்மா வைத்த பெயர் தெரியும். அந்தப் பெயரில் அங்கே ஒரு கடதாசியும் இருக்காது.”

அம்மணி கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் சொந்த அண்ணன்?”

“சொந்த அண்ணன். ஒரே தாய், ஒரே தகப்பன்.”

இதை ஒரு ஜேர்மன்காரிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் காலத்தில் வெளிக்கிட்ட பாதிப்பேர் வேறு யாருடையதோ பெயரில்தான் வெளிக்கிட்டார்கள். போய்ச் சேர்ந்த புதிதில் அண்ணை ஒருமுறை சொன்னார், “ஆற்றையோ பேரிலதான் வந்து நிக்கிறன். அதை ஃபோனில கதையாதை, ஒட்டுக்கேப்பாங்கள்” என்று. நான் கதைக்கவில்லை. பிறகு ஒட்டுக்கேட்கிறவர்களே அலுத்துப்போயிருப்பார்கள், ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவர் அண்ணை. கூடப் பிறந்தவனிடம் போய் உங்கட பேர் என்ன என்று கேட்கிற மடையன் எங்கள் ஊரில் இருந்தானா? நான் அந்த மடையனாக இருந்திருக்க வேண்டும்.

“முகவரி?” என்றார் அம்மணி. “வீதியின் பெயராவது தெரியுமா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வீதி நன்றாகத் தெரியும். தொண்ணூற்றொன்பது.”

“வீட்டு இலக்கம்?”

“அது இல்லை. அந்த வீதி கனடா எல்லையில் தொடங்கி மெக்சிக்கோ எல்லை வரைக்கும் போகிறது.”

அவர் பேனையை மூடி வைத்தார். அமெரிக்காவில் பதிந்த பெயரும் பிறந்த திகதியும் இல்லாமல் தொடங்கவே முடியாது என்று மெதுவாகச் சொன்னார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவி ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தா.

3

எங்கள் மகள் அபி டோர்ட்முண்டில் வேலை செய்கிறாள். ரயிலில் அரைமணித்தியாலம்கூட இல்லை, ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவாள். தமிழ் விளங்கும், பதில் ஜேர்மனில் வரும். சின்ன வயதில் அவள் கையில் ஃபோனைக் கொடுத்தால், “பெரியப்பா நல்லா இருக்கிறீங்களா” என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்குப் பெரியப்பா என்றால் ஃபோனுக்குள் இருந்து இரைகிற ஒரு குரல், அவ்வளவுதான். அதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு வந்தவளிடம் சாந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அபி கணினியைத் திறந்து எந்த வீதி என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சநேரம் தட்டிவிட்டு, “அப்பா, அப்பிடி ஒரு வீதி இல்லை” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உன்ர பெரியப்பா என்ன, ஆகாசத்திலயோ லொறி ஓட்டினவர்?”

அவள் கோபிக்காமல் வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளுக்கு இலக்கம் போட்டது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில். அப்போது பிறந்ததுதான் இந்தத் தொண்ணூற்றொன்பது. கனடா எல்லையில் பிளேன் என்ற ஊரில் தொடங்கும். சியாற்றில், போர்ட்லண்ட் என்று இறங்கி, மலை ஏறிக் கலிபோர்னியாவுக்குள் வரும். ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து ஆற்றின் இரண்டு கரையாலும் போய்ச் சக்ரமென்ரோவில் திரும்பவும் சேரும். பிறகு தோட்டங்களுக்கு நடுவால் தெற்கே ஓடி, இன்னொரு மலை ஏறி, லொஸ் ஏஞ்சலஸைக் கடந்து, மெக்சிக்கோ எல்லையில் கலெக்சிக்கோவில் முடியும். அந்தக் கரைக்கு இருந்த பெரிய தெருவே இதுதான். பிறகு அகலமான புது விரைவுச்சாலை வந்தது. பழைய வீதியைத் துண்டு துண்டாக விழுங்கியது, சில ஊர்களை ஒதுக்கிவிட்டு ஓடியது. இலக்கப் பலகைகளைக் கழற்றக் கழற்ற, எழுபத்திரண்டாம் ஆண்டோடு யூ.எஸ். தொண்ணூற்றொன்பது என்ற பெயரே பட்டியலில் இல்லாமல் போனது. தோட்டப் பக்கத்துத் துண்டை மட்டும் கலிபோர்னியா தன்னுடைய மாநிலச் சாலையாக அதே இலக்கத்தில் வைத்துக்கொண்டது. மற்ற இடங்களில் ஊருக்குள் கிடக்கிற துண்டுகளை, பழைய தொண்ணூற்றொன்பது என்று சனம் சொல்லுதாம்.

அப்படியென்றால் அண்ணை அமெரிக்காவில் கால் வைக்கும்போதே அந்த வீதி செத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு லொறி பழக்கியவர் ஒரு வயதான பஞ்சாபிக்காரர். அந்த மனிசன் சாகும்வரைக்கும் யூ.எஸ். என்ற இரண்டு எழுத்தையும் விடவில்லையாம், புதுச் சாலையில் போனால் சாப்பாட்டுக் கடைகள் இல்லை என்று பழைய துண்டுகளுக்குள்ளால்தான் லொறியைத் திருப்புவாராம். அண்ணையும் அதையே பிடித்துக்கொண்டார்.

“இப்ப மடேராவுக்குப் போ” என்றேன். வீதியைப் படமாகக் காட்டுகிற பக்கத்தை அபி திறந்தாள். “ஊருக்குத் தெற்கால கொஞ்சம் போ. நடுவில ஒரு பேரீச்சை மரமும் ஒரு தேவதாருவும் பக்கத்துப் பக்கத்தில நிக்கும். தெற்குக் கலிபோர்னியாவுக்கு ஈச்சை, வடக்குக்குத் தேவதாரு.” அவள் நகர்த்தினாள். இரண்டு மரமும் நின்றன. “இனி அலரி வரும் பார். தெருவுக்கு நடுவில மைல் கணக்கில அலரி நட்டிருக்கிறாங்கள். பிடுங்கிச் சாமிக்கு வைக்க ஒரு சனம் இல்லையாம்.” சிவப்பும் வெள்ளையுமாக அலரி வந்தது. நான் சொல்லச் சொல்ல, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்தன. அபியின் கை நின்றுவிட்டது.

“அப்பா, நீங்கள் அங்க போயிருக்கிறீங்களா?”

“இல்லையம்மா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்குப் போய் வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நித்திரையாகிப்போகிற ஒரு அப்பாவைத்தான் அவள் கண்டிருக்கிறாள். “சொல்லுங்கோ,” என்றாள் தமிழில். “எல்லாம் சொல்லுங்கோ. நான் எழுதுறன்.” அன்று இரவு ரயிலுக்கு அவள் போகவில்லை.

4

அண்ணை சாப்பிடுகிற இடங்கள், எண்ணெய் அடிக்கிற இடங்கள், மழைக்கு ஒதுங்குகிற இடங்கள் என்று பதினொரு இடம் எழுதினோம். அடுத்த நாள் பின்னேரம் அபி ஒவ்வொன்றாக எடுத்தாள். பெயர் தெரியாத ஒருவரை எப்படி விசாரிப்பது? நான்தான் வழி சொன்னேன். எங்கே போனாலும் அண்ணை சேட்டுப் பையில் ஒரு சின்னப் போத்தலில் வறுத்த மிளகாய்த்தூள் வைத்திருப்பார். எதன் மேலும் தூவித்தான் சாப்பிடுவார்.

“மிளகாய்த்தூள் போத்தல் வைத்திருக்கிற சிறீலங்கா லொறிக்காரர்” என்று அபி ஆங்கிலத்தில் கேட்டாள். அது வேலை செய்தது. லோடியில் ஒரு எண்ணெய்க்கடைக்காரருக்கு அவரைத் தெரியும், ரே என்று கூப்பிடுவாராம். மொடெஸ்ரோவில் ஒரு மெக்சிக்கோக்காரிக்கு அவர் டொன் சில்லி, மிளகாய் ஐயா. ஆனால் எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள். அவரைக் கண்டு வருடக்கணக்காகிவிட்டது. ஒருத்தர், ஆள் இறந்துவிட்டதாகக் கேள்வி என்றார். அபி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

ஒன்பதாவதாக எடுத்தது துலேரிப் பக்கத்தில் ஒரு டோனட் கடை. கம்போடியாவில் இருந்து ஓடிவந்த ஒரு பெண் நடத்துகிற கடை. கேள்வியைக் கேட்டதும், “நீ யார்?” என்று கேட்டாள். அபி சொன்னாள். “ஜேர்மனித் தம்பியின் மகளா?” என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

அண்ணை இருக்கிறார். ஐந்து கிழமைக்கு முன் அந்தக் கடை வாசலில் விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விழும்போது ஃபோனும் நொறுங்கிவிட்டது. என் இலக்கம் அதற்குள் இருந்ததே ஒழிய அவர் தலைக்குள் இல்லை. சாந்தி சாமி அறைக்குப் போனாள்.

பிறகு டோனட் கடைக்காரி இன்னொன்றும் சொன்னாள். அண்ணை லொறி ஓட்டி ஆறு வருடமாகிறது. சீனி வியாதியில் கண் மங்கி, லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். கடைக்குப் பின்தெருவில் ஒரு அறையில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் காலை வந்து, யன்னல் மேசையில் இருந்து எனக்கு எடுப்பாராம். “உங்கள் மொழி எனக்கு விளங்காது,” என்றாள், “ஆனால் ஊர்ப் பெயர்கள் விளங்கும். இங்கே இருந்துகொண்டே சக்ரமென்ரோ என்பார், பேக்கர்ஸ்ஃபீல்ட் என்பார். ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டால், தம்பி வீதியில் வந்துகொண்டிருக்கிறான், நடுவில் இறக்கிவிட ஏலாது என்று சொல்வார்.”

ஆறு வருடம். செல்மாவின் முந்திரிகை வாசம், மடேராவின் அலரி, எல்லாவற்றையும் அவர் ஒரு மேசையில் இருந்துகொண்டு எனக்காக எடுத்துத் தந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

5

ஆஸ்பத்திரிக்கு எடுத்தால், நோயாளியின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் சொல்லாமல் வாய் திறக்கமாட்டோம் என்றார்கள். அலுவலகங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். டோனட் கடைக்காரி கடையைச் சாத்திவிட்டு நேரே போனாள். அண்ணை மருந்து மயக்கத்தில் நித்திரை. அவருடைய கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்து, எழுத்தெழுத்தாக அபிக்கு ஃபோனில் சொன்னாள். அபி ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். பாதியில் அவளுடைய பேனை மெதுவானது. எழுதி முடித்ததும் உறையை என் பக்கம் திருப்பினாள்.

“அப்பா,” என்றாள். “இது நீங்கள்.”

என் பெயர். என் தகப்பன் பெயர். என் பிறந்த நாள், மாதம், வருடம்.

அண்ணையை ஒருமுறை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்திருந்து விட்டது. அவருடைய பெயர் அவர்களுடைய புத்தகத்தில் இருந்தது, அந்தப் பெயரில் விமானநிலையத்தைத் தாண்ட முடியாது. என் பெயர் சுத்தமாக இருந்தது. நான் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டபோது என் பிறப்புப் பத்திரம் வீட்டில் இல்லை. இடம்பெயர்ந்த நேரம் துலைஞ்சு போச்சு என்று அம்மா சொன்னா, அரசாங்கக் கச்சேரியில் பிரதி எடுத்துத்தான் எனக்கு அனுப்பினா. தொலைந்ததாகச் சொன்ன பத்திரத்தில்தான் அண்ணை என் பெயரில் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார், அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சாகும்வரை ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த நாள் அண்ணை கண் விழித்ததும் கடைக்காரி ஃபோனை அவருடைய காதில் வைத்தாள். நான் பேர் விசயம் தெரியும் என்றேன்.

“நீ வந்து இறங்கி, அவங்கட கொம்பியூட்டரில உன்ர பேரை அடிச்சா, இன்னொருத்தன் இருக்கிறான் எண்டு காட்டுமடா,” என்றார். “என்னைப் பிடிச்சு அனுப்பினாக்கூடப் பறவாயில்லை. உனக்கும் ஏதும் கரைச்சல் வந்தா? அதுதான் வீதி திருத்திறாங்கள் எண்டனான். உன்னைப் பாக்க எனக்கு ஆசை இல்லையெண்டோ நினைச்சனி?”

ஓம், அப்படித்தான் நினைத்தேன். முப்பது வருடம் அப்படித்தான் நினைத்தேன். “இல்லை அண்ணை” என்றேன்.

6

ஆஸ்பத்திரி அவரை வெளியே விடுவதற்கு, பொறுப்பெடுக்க இரத்த உறவு ஒருவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு தூரத்து இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நான் போக ஏலாது. என் பெயர் அங்கே ஏற்கெனவே கட்டிலில் படுத்திருக்கிறது. நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

“நான் போறன்,” என்றாள் அபி.

தனியாக என்ன செய்வாய், உனக்கு அவரைத் தெரியாதே என்று சாந்தி பதறினாள். “அப்பா எனக்கு வழி சொன்னவர்தானே” என்றாள். பத்து நாள் லீவு எடுத்து, பாஸ்போர்ட்டையும் தன் பிறப்புப் பத்திரத்தையும் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். விமானநிலையத்தில் வைத்து அவளுடைய கையில் ஒரு போத்தல் மிளகாய்த்தூளைக் கொடுக்கப்போன என்னைச் சாந்தி இழுத்துப் பிடித்தாள். நான் சொல்லாமலே அவள் ஒரு கிலோ வறுத்து அபியின் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

இந்தக் குறிப்பில் நான் என் பெயரைப் போடாததற்குக் காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒன்றிரண்டு ஊர்ப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

போன புதன்கிழமை பின்னேரம் அபி ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தாள். வாசலில் தாதி, யாரைப் பார்க்க வந்தாய், என்ன உறவு என்று கேட்டிருக்கிறாள். அபி வாய் திறக்க முதல் கடதாசிகளை வாங்கிப் பார்த்திருக்கிறாள். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, பிறகு கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெயரைப் பார்த்து, தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, உள்ளே போ பிள்ளை என்றாளாம். ஒரு கேள்வி இல்லை. அபியும் திருத்தவில்லை.

பிறகு ஃபோன் கைமாறியது. அண்ணையின் குரல் தேய்ந்திருந்தது. அவருக்குக் கலியாணமும் இல்லை, குடும்பமும் இல்லை, வீதி மட்டும்தான் இருந்தது என்பதை நான் எப்போதாவது நின்று யோசித்திருக்கிறேனா? இல்லை.

“தம்பி.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“உன்ர பேரைத்தான் கேக்காமல் எடுத்தனான். இப்ப இவங்கள் உன்ர பிள்ளையையும் என்ர மகள் எண்டு எழுதிப்போட்டாங்கள். சொல்லி அதை வெட்டுவிக்கட்டோ?”

“வேண்டாம் அண்ணை,” என்றேன். “அப்பிடியே இருக்கட்டும்.”